தெற்கு பிரான்சின் ஒக்சித்தானி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு பிரான்ஸ் என்றதும் பத்திரிகைகளில் நீஸ், கான், மார்சே என்று ரோன் ஆற்றுக்குக் கிழக்கே உள்ள ஊர்களே வந்து நிற்கின்றன. ரோனுக்கு மேற்கே ஸ்பெயின் எல்லை வரை விரிந்து கிடக்கும் ஒக்சித்தானி அதே அளவு கவனத்துக்கு உரியது. அங்கே ஆறுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால், அதன் வரலாறும் இன்றைய அரசியலும் பாதி விளங்கிவிடும் என்பது என் எண்ணம். அந்தக் கோணத்திலேயே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

ஒக்சித்தானி எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

பிரான்சின் தென்மேற்கில். தெற்கே பிரனீஸ் மலைத்தொடர், அதற்கு அப்பால் ஸ்பெயினும் அன்டோராவும். கிழக்கே ரோன் ஆறு, தென்கிழக்கே மத்தியதரைக் கடல். பரப்பளவு 72,724 சதுர கிலோமீட்டர். பெல்ஜியத்தையும் நெதர்லாந்தையும் சேர்த்தால் ஏறக்குறைய இந்த அளவுதான் வரும். ஆனால் மக்கள்தொகை சுமார் 60 லட்சம் மட்டுமே. அதிலும் பெரும்பகுதி தூலூஸ் நகரைச் சுற்றியும் மத்தியதரைக் கடலோரத்திலும் குவிந்திருக்கிறது. வடகிழக்கு மலைப்பகுதியில் உள்ள லொசேர் மாவட்டத்தில் 80,000 பேர்கூட இல்லை. பிரான்சிலேயே மிகக் குறைந்த மக்கள் வாழும் மாவட்டம் அது.

2016-க்கு முந்தைய வரைபடங்களில் இந்தப் பெயர் இல்லையே?

இருந்திருக்காது. லாங்கெதோக்-ருசியோன், மிதி-பிரனே என்ற இரண்டு மண்டலங்களை இணைத்து 2016 ஜனவரி 1 அன்று உருவாக்கப்பட்டது இது. பிரான்சின் 22 பெருநில மண்டலங்களை 13 ஆகக் குறைத்த சீர்திருத்தத்தின் ஒரு பகுதி. இணைப்புக்குப் பிறகு பெயருக்காக மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கேற்றதில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் ஒக்சித்தானியைத் தேர்ந்தெடுத்தனர். அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் பெயர் சட்டப்படி நடப்புக்கு வந்தது.

பெயர் புதிது என்பதால் நிலமும் நேற்று ஒட்டவைத்தது என்று நினைத்துவிடக் கூடாது. தூலூஸ் பிரபுக்களின் ஆட்சியும், பிறகு பிரெஞ்சு மன்னர்களின் கீழ் இருந்த லாங்கெதோக் மாகாணமும் இந்த நிலத்தின் பெரும்பகுதியை நூற்றாண்டுகளாக ஒன்றாகவே வைத்திருந்தன. 1790-இல் புரட்சி அரசு மாகாணங்களைக் கலைத்து மாவட்டங்களாக வெட்டியது. இருபதாம் நூற்றாண்டில் மாவட்டங்களைத் தொகுத்து மண்டலங்கள் அமைத்தபோது, தூலூஸ் ஒரு பக்கமும் மோன்பெலியே மறுபக்கமும் போயின. 2016 இணைப்பு அந்தக் கோட்டைத்தான் அழித்தது. தலைநகர் தூலூஸ் என்றாலும், மண்டல மன்றத்தின் முழுக் கூட்டங்களை மோன்பெலியேயில் நடத்துவது என்று சமரசம் செய்ய வேண்டியிருந்தது.

இந்தியாவின் மாநிலம் போன்றதா இந்த மண்டலம்?

இல்லை. சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது, காவல்துறையும் கிடையாது. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படும் 158 உறுப்பினர் மன்றம் மேல்நிலைப் பள்ளிக் கட்டடங்கள், உள்ளூர் ரயில்கள், தொழிற்பயிற்சி, பொருளாதார வளர்ச்சி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறது. பாரிஸ் அரசின் பிரதிநிதியாக ஓர் அதிகாரி தனியே இருக்கிறார்.

நில அமைப்பு எப்படிப்பட்டது?

தெற்கிலும் வடக்கிலும் மலை, நடுவில் ஒரு தாழ்வாரம். தெற்கே பிரனீஸில் 3,298 மீட்டர் உயர வின்யமால் சிகரம் இருக்கிறது. அத்தொடரின் பிரெஞ்சுப் பகுதியில் அதுவே உயரமானது. வடக்கே மத்திய பீடபூமியின் தெற்கு விளிம்பு: ஓப்ராக் மேய்ச்சல் நிலங்கள், சுண்ணாம்புக்கல் மேட்டு நிலங்களான கோஸ்கள், செவென் மலைகள். கோஸ் மேடுகளில் பெய்யும் மழை பாறை இடுக்குகளில் இறங்கி மறைந்துவிடும். மேலே ஆடு மேய்க்கத் தக்க வறண்ட புல்வெளி, கீழே தார்ன் ஆறு அறுத்த ஆழமான பள்ளத்தாக்கு. ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி பதமாகும் குகைகளும் இத்தகைய ஒரு சுண்ணாம்புப் பாறைச் சரிவில்தான் உள்ளன. பாறை வெடிப்புகளின் வழியே வரும் ஈரக் காற்றே அந்தக் குகைகளை ஆண்டு முழுவதும் குளிராக வைத்திருக்கிறது.

இரண்டு மலைகளுக்கும் இடையே, தூலூசுக்கும் கர்கசோனுக்கும் நடுவில், நொரூஸ் என்ற இடம் இருக்கிறது. உயரம் 190 மீட்டர் அளவுதான். கோதுமையும் சூரியகாந்தியும் விளையும் மெல்லிய மேடு. ஆனால் அதன் மேற்கே விழும் மழை கரோன் ஆற்றில் சேர்ந்து அட்லாண்டிக் போகிறது, கிழக்கே விழுவது மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. தூலூஸ் அட்லாண்டிக் பக்கத்து ஊர்: செங்கல் கட்டடங்கள், கோதுமை, சோளம். நார்போன், பெசியே, மோன்பெலியே, நீம் ஆகியவை மத்தியதரைப் பக்கத்தவை: கல் வீடுகள், திராட்சை, ஒலிவ மரம், உப்பங்கழி. உரோமர் சாலை, பதினேழாம் நூற்றாண்டில் ரிக்கே என்பவர் வெட்டிய மிதி கால்வாய், ரயில் பாதை, இன்றைய நெடுஞ்சாலை எல்லாமே இந்த ஒரு வாயிலின் வழியாகத்தான் நுழைந்தன. 2016-இல் இணைக்கப்பட்டவை இந்த இரண்டு பக்கங்கள்தாம்.

மிதி கால்வாய் ஏன் இவ்வளவு புகழ் பெற்றது?

இந்தக் கேள்விக்கு விடை அந்த நொரூஸ் மேட்டில் இருக்கிறது. அட்லாண்டிக்கையும் மத்தியதரைக் கடலையும் கால்வாயால் இணைத்தால் ஸ்பெயினைச் சுற்றிப் போகும் கடல் பயணம் மிச்சமாகும் என்பது பழைய கனவு. தடையாக இருந்தது தண்ணீர். மேட்டில் ஏறும் கால்வாயில் படகை உயர்த்தவும் இறக்கவும் இருபுறமும் கதவு வைத்த நீர்த்தொட்டிகள் வேண்டும். லாக் என்று சொல்லப்படும் இந்தத் தொட்டியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உச்சியிலிருந்து தண்ணீர் இரு பக்கமும் வடிந்துபோகும். உச்சியை நிரப்ப ஆறு எங்கே?

பெசியேயில் பிறந்த பியேர்-போல் ரிக்கே உப்பு வரி வசூல் குத்தகைக்காரர். பொறியியல் படித்தவர் அல்லர். வடக்கே இருக்கும் கருமலையில் ஆண்டு முழுவதும் ஓடும் ஓடைகளை அவர் அறிந்திருந்தார். அவற்றை மறித்துச் சேன்-ஃபெரேயோல் என்ற இடத்தில் பெரிய அணை கட்டி, அங்கிருந்து வாய்க்கால் வெட்டி நொரூஸ் உச்சிக்கு நீரைக் கொண்டுவந்தார். அந்த வாய்க்கால் கால்வாயைச் சேரும் இடத்தில்தான் நீர் இரண்டாகப் பிரிந்து இரு கடல்களை நோக்கிப் போகிறது. பதினான்காம் லூயி மன்னர் 1666-இல் அனுமதி தந்தார். பதினைந்து ஆண்டுகளில், ஒரு கட்டத்தில் சுமார் 12,000 பேர் வேலை செய்ய, தூலூசிலிருந்து கடலோரத் தோ உப்பங்கழி வரை 240 கிலோமீட்டர் வெட்டி முடித்தார்கள். தம் சொத்தையெல்லாம் அதில் போட்ட ரிக்கே 1680 அக்டோபரில் இறந்தார். கால்வாய் திறக்கப்பட்டது 1681 மே மாதம்.

பெசியேக்கு அருகில் ஃபோன்செரான் என்ற இடத்தில் லாக்குகள் படிக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தொட்டிகளின் சுவர் நேராக இல்லாமல் முட்டை வடிவில் வெளியே வளைந்திருப்பதைக் கவனியுங்கள். நேர்ச்சுவர் மண்ணின் அழுத்தம் தாங்காமல் சரிந்த அனுபவத்திலிருந்து வந்த வடிவம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்ததும் சரக்கு குறைந்தது. இப்போது ஓடுபவை சுற்றுலாப் படகுகள். 1996-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கரையோரப் பிளேன் மரங்களைத் தாக்கும் பூஞ்சை நோய் 2006-இல் கண்டறியப்பட்ட பிறகு ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. நிழல் இழந்த கரைகளைப் படத்தில் பார்த்தாலே மனம் கனக்கிறது. வேறு மரவகைகளை நட்டு வருகிறார்கள்.

வெயிலான ஊர் என்கிறார்களே, வெள்ளச் செய்தி வருவது ஏன்?

இலையுதிர் காலத்தில் மத்தியதரைக் கடல் இன்னும் சூடாக இருக்கும். அங்கிருந்து வரும் ஈரக் காற்று செவென் மலைகளில் மோதி உயர்ந்து, ஒரே இடத்தில் நின்று கொட்டித் தீர்க்கும். சில மாதங்களில் பெய்ய வேண்டிய மழை சில மணி நேரத்தில் பெய்துவிடும். 1988 அக்டோபர் 3-இல் நீம் நகரத் தெருக்களே ஆறாயின. 1999 நவம்பரிலும் 2018 அக்டோபரிலும் கர்கசோனைச் சுற்றிய ஊர்களில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது.

கோடை வேறு விதம். பிரான்சில் பதிவான அதிகபட்ச வெப்பநிலையான 46 டிகிரி, 2019 ஜூன் 28 அன்று மோன்பெலியேக்கு அருகிலுள்ள வெரார்க் கிராமத்தில் பதிவானது. 2025 ஆகஸ்டில் கொர்பியேர் குன்றுகளில் பற்றிய தீ சுமார் 16,000 ஹெக்டேரை எரித்தது. நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் திராமோந்தான் என்ற வறண்ட வடமேற்குக் காற்று தீயை விரட்டிக்கொண்டு போகும். தூலூஸ் பக்கம் தென்கிழக்கிலிருந்து வீசும் ஓத்தான் காற்றுக்கோ, மனிதருக்குப் பித்துப் பிடிக்கவைக்கும் என்ற பெயர் உண்டு.

உரோமர் இங்கே என்ன விட்டுச் சென்றார்கள்?

இத்தாலியிலிருந்து ஸ்பெயினுக்குத் தரைவழி வேண்டியிருந்ததால் வந்தார்கள். கி.மு. 118-இல் நார்போனை நிறுவினார்கள். அதே காலத்தில் போட்ட தொமீத்தியா சாலையின் ஒரு துண்டு இன்றும் நார்போன் நகரமன்றத்தின் எதிரே, சதுக்கத்தின் தரைமட்டத்துக்குக் கீழே திறந்து கிடக்கிறது. நீம் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த கால்வாயின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர், அத்தனை தொலைவுக்கும் இறக்கம் ஏறத்தாழ 12.6 மீட்டர்தான். அந்தக் கால்வாய் கார்தோன் ஆற்றைக் கடக்கக் கட்டிய மூன்றடுக்குப் பாலமே பொன் து கார். பிறகு வந்த விசிகோத்துகள் 507 வரை தூலூசைத் தலைநகராகக் கொண்டார்கள். எட்டாம் நூற்றாண்டில் நாற்பது ஆண்டுகள் நார்போன் அரபியர் கையில் இருந்தது.

கத்தார்கள் யார்? அவர்களுக்கு என்ன நேர்ந்தது?

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் பரவிய கிறித்தவப் பிரிவினர். தங்களை நல்ல கிறித்தவர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள். கத்தார் என்பது எதிரிகள் தந்த பெயர். கண்ணால் காணும் உலகம் தீய சக்தியின் படைப்பு, ஆன்மா மட்டுமே கடவுளுடையது என்று நம்பினார்கள். அவர்களின் துறவிகள் ஆணும் பெண்ணும் இறைச்சி உண்ணாமல், சொத்து வைத்துக்கொள்ளாமல், கையால் உழைத்து வாழ்ந்தார்கள். செல்வத்தில் புரண்ட ஆயர்களைப் பார்த்துச் சலித்த மக்களுக்கு அந்த எளிமை பிடித்திருந்தது. உள்ளூர்ப் பிரபுக்கள் பலர் அவர்களைத் தண்டிக்க மறுத்தார்கள்.

1208 ஜனவரியில் போப்பாண்டவரின் தூதர் ஒருவர் கொல்லப்பட்டார். போப் மூன்றாம் இன்னசென்ட் சிலுவைப் போர் அறிவித்தார். கிறித்தவ நாட்டுக்குள்ளேயே கிறித்தவர்கள்மீது தொடுக்கப்பட்ட சிலுவைப் போர். 1209 ஜூலை 22-இல் வடக்கிலிருந்து வந்த படை பெசியேக்குள் புகுந்தது. கத்தார், கத்தோலிக்கர் என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. கோயிலுக்குள் ஒளிந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ 20,000 பேரைக் கொன்றதாகத் தலைமைத் தூதர் அர்னோ அமோரியே போப்புக்குக் கடிதம் எழுதினார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். அதைப் பெருமையாக எழுதியதே அந்தப் போரின் தன்மையைச் சொல்லிவிடுகிறது. "எல்லோரையும் கொல்லுங்கள், தம்மவரை ஆண்டவர் அறிவார்" என்று அவர் சொன்னதாக வழங்கும் வாசகம் பின்னாளில் ஒரு ஜெர்மானியத் துறவி எழுதிவைத்தது, நேரில் கேட்டவர் பதிவு அன்று.

அடுத்த மாதம் கர்கசோன் பணிந்தது. 1213-இல் மூரே போரில், தூலூசுக்கு உதவ வந்த அரகோன் மன்னர் இரண்டாம் பேதுரு கொல்லப்பட்டார். அவர் வென்றிருந்தால் பிரனீஸின் இரு பக்கமும் ஒரே அரசாகியிருக்க இடமுண்டு. பிரான்சின் தெற்கு எல்லை எழுதப்பட்ட நாளாக அதைத்தான் நான் கருதுகிறேன். சிலுவைப் படைத் தலைவர் சிமோன் த மோன்ஃபோர் 1218-இல் தூலூஸ் முற்றுகையில் கல்வீச்சுப் பொறியின் கல் தலையில் பட்டு இறந்தார். அந்தப் பொறியை இயக்கியவர்கள் பெண்கள் என்பது தூலூஸ் மக்கள் இன்றும் சொல்லும் மரபு.

பிறகு பிரெஞ்சு மன்னரே களம் இறங்கினார். 1229 ஒப்பந்தப்படி தூலூஸ் பிரபு ஏழாம் ரேமோனின் ஒரே மகள் மன்னரின் தம்பியை மணக்க வேண்டும், பிள்ளை இல்லாவிட்டால் நிலம் அரசுக்கு. இருவரும் 1271-இல் வாரிசு இல்லாமல் இறந்தார்கள். இதற்கிடையே சமய விசாரணை மன்றங்கள் ஊர் ஊராகப் போய் வாக்குமூலம் வாங்கின. 1244 மார்ச்சில் மோன்செகூர் மலைக்கோட்டை வீழ்ந்தபோது, நம்பிக்கையைக் கைவிட மறுத்த 200-க்கும் அதிகமானோர் மலையடிவாரத்தில் எரிக்கப்பட்டார்கள்.

அப்படியானால் மலை உச்சிகளில் நிற்கும் "கத்தார் கோட்டைகள்" அவர்கள் கட்டியவையா?

பெரும்பாலும் இல்லை. கேரிபுஸ், பெயிர்பெர்துஸ் போன்றவற்றில் இன்று காணும் மதில்கள், போருக்குப் பிறகு அரகோன் எல்லையைக் காக்கப் பிரெஞ்சு மன்னர்கள் கட்டியவை. மோன்செகூரில் இன்று நிற்கும் சுவர்களும் பிற்காலத்தவை. அல்பி நகரின் பிரமாண்டமான செங்கல் பேராலயமும் அடக்கியவர்களின் வெற்றிச் சின்னமே. 1282-இல் கட்டத் தொடங்கிய அந்த ஆலயத்தின் சன்னல்கள் கோட்டை போலக் குறுகலாக இருப்பதற்குக் காரணம் அதுவே. கத்தார்கள் தங்களுக்கென்று கட்டடம் எழுப்பியவர்கள் அல்லர்.

பெர்பிஞான் பகுதியினர் மண்டலத்தின் பெயரை எதிர்த்தது ஏன்?

அவர்கள் கத்தலான்கள். ஒக்சித்தானி என்பதோ ஒக்சித்தான் மொழியை ஒட்டி வந்த பெயர். ருசியோன் எனப்படும் அந்தப் பகுதி 1659-ஆம் ஆண்டு பிரனீஸ் ஒப்பந்தம் வரை ஸ்பெயின் பக்கத்தில் இருந்தது. மொழியும் கத்தலான். தங்கள் பெயரே இல்லாத பெயரை ஏற்க முடியாது என்று 2016 செப்டம்பரில் பெர்பிஞானில் ஊர்வலம் போனார்கள். எனக்கு அவர்கள் பக்கம் நியாயம் தெரிகிறது. மண்டலச் சின்னத்தில் தூலூஸ் சிலுவையோடு கத்தலான் பட்டைகளும் உண்டு, பெயரில்தான் இடம் கிடைக்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தின் மிச்சம் ஒன்று வரைபடத்தில் தெரியும். மலைப்பகுதியில் 33 கிராமங்கள் பிரான்சுக்குத் தரப்பட்டன. லிவியா மட்டும் நகரம் என்ற தகுதி பெற்றிருந்ததால் கிராமக் கணக்கில் வரவில்லை. இன்றும் அது பிரெஞ்சு நிலம் சூழ்ந்த ஸ்பானிய ஊர்.

புராட்டஸ்டண்டுகளும் இங்கே துன்புற்றார்களா?

ஆம். நீம், மோந்தோபான், செவென் மலைகள் அவர்களின் வலுவான இடங்கள். 1685-இல் பதினான்காம் லூயி அவர்களின் வழிபாட்டு உரிமையைப் பறித்தார். 1702-இல் செவென் மலை உழவர்களும் கம்பளித் தொழிலாளர்களும் ஆயுதம் எடுத்தார்கள். தலைவர்களில் ஒருவரான ஜான் கவாலியே ரொட்டிக் கடைப் பயிற்சியாளர். மரி துரான் என்ற பெண் 1730-இல் ஏக்-மோர்த் கோட்டைக் கோபுரத்தில் அடைக்கப்பட்டார். மதம் மாறச் சம்மதித்தால் விடுதலை. 38 ஆண்டுகள் அவர் சம்மதிக்கவில்லை. "எதிர்த்து நில்" என்று அங்குள்ள கல்லில் செதுக்கிய எழுத்து அவருடையது என்பது மரபு.

தூலூசின் பழைய மாளிகைகளைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது?

நீலச் சாயத்திலிருந்து. பாஸ்தெல் என்ற மஞ்சள் பூச் செடியின் இலையை அரைத்து, உருண்டை பிடித்து, உலர்த்தி, மறுபடி இடித்துப் புளிக்கவைத்தால் துணிக்கு ஏறும் நீலம் கிடைக்கும். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சுமார் நூறு ஆண்டுகள் தூலூஸ் வணிகர்கள் இதை ஐரோப்பா முழுவதும் விற்றார்கள். அசேசா மாளிகை அந்தக் காலத்தது. 1560-களில் மூண்ட மதப் போர்கள் தொழிலைக் குலைத்தன. கடல்வழியே இந்தியாவிலிருந்து வந்த அவுரி நீலம் மிச்சத்தையும் முடித்தது.

1907-இல் நடந்த திராட்சை உழவர் கிளர்ச்சி எதைப் பற்றியது?

மத்தியதரைப் பக்கத்தில் மற்றப் பயிர்களை விட்டுத் திராட்சை ஒன்றையே நட்டிருந்தார்கள். வேர்ப்பூச்சி தோட்டங்களை அழித்தது, கடன் வாங்கி மீண்டும் நட்டார்கள். ஆனால் சந்தையில் சர்க்கரை கலந்து செயற்கையாகச் செய்த மலிவு ஒயின் நிறைந்துவிட்டது, அல்ஜீரிய ஒயினும் வந்து குவிந்தது. விலை சரிந்தது. ஆர்ஜெலியே கிராமத்தின் மர்சலேன் அல்பேர் 87 பேரோடு 1907 மார்ச்சில் தொடங்கிய போராட்டம், ஜூன் 9 அன்று மோன்பெலியேயில் பல லட்சம் பேர் திரண்ட கூட்டமாக வளர்ந்தது. நார்போனில் ராணுவம் சுட்டதில் மக்கள் இறந்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளே நிறைந்த 17-ஆவது காலாட்படை கலகம் செய்து பெசியேக்கு நடந்து வந்தது. மாத இறுதிக்குள் கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது.

விமானத் தொழில் தூலூசில் அமைந்தது எப்படி?

முதல் உலகப் போரில் ஜெர்மன் எல்லையிலிருந்து மிகத் தொலைவில் இருந்த பெரிய நகரம் என்பதால். லத்தெகோவேர் என்ற தொழிலதிபர் 1917-இல் போர் விமான ஆலை தொடங்கினார். போர் முடிந்ததும் அதே ஊரிலிருந்து ஸ்பெயின், ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று விமானத் தபால் பறந்தது. கான்கார்டின் முதல் பறப்பு 1969 மார்ச் 2, ஏர்பஸ் ஏ300-இன் முதல் பறப்பு 1972 அக்டோபர் 28, இரண்டும் இங்கேதான்.

லூர்து மாதா திருத்தலம் இந்த மண்டலத்தில்தான் இருக்கிறதா?

ஆம், பிரனீஸ் அடிவாரத்தில். 1858-இல் பெர்னதெத் சூபிரூ என்ற ஏழைச் சிறுமி மசபியேல் குகையில் அன்னையின் காட்சி கண்டதாகச் சொன்ன ஊர். புதுச்சேரிக்கு அருகிலுள்ள வில்லியனூர் லூர்து மாதா ஆலயத்தின் வேர் இந்தக் குகைதான்.

ஒக்சித்தான் மொழி இன்னும் பேசப்படுகிறதா?

பேசுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் முதியவர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கே காதல் கவிதை கற்றுத்தந்த மொழி இது. 1323-இல் தூலூசில் ஏழு பேர் கூடித் தொடங்கிய கவிதைப் போட்டி இன்றும் நடக்கிறது. 1539-இல் அரசு ஆவணங்களில் பிரெஞ்சு கட்டாயமானது. மொழியின் முதுகை முறித்தது பள்ளிக்கூடம். வீட்டு மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு கட்டையை மாட்டிவிடுவார்கள். அடுத்துப் பேசும் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால்தான் அதைக் கழற்ற முடியும். அப்படி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசவில்லை. இப்போது கலாந்திரேத்தா என்ற பள்ளிகள் ஒக்சித்தானில் பாடம் நடத்துகின்றன, தூலூஸ் மெட்ரோவில் நிலையப் பெயர்கள் இரு மொழியிலும் ஒலிக்கின்றன. மலைக்கு அப்பால் ஸ்பெயினின் அரான் பள்ளத்தாக்கில் இது ஆட்சிமொழி. தன் தாயகமான பிரான்சில் அந்தத் தகுதி இல்லை.

முதல் முறை போகிறவர் எப்போது, எங்கே போகலாம்?

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஆகஸ்டில் கர்கசோன் கோட்டைக்குள் நடக்கவே இடமிருக்காது. தூலூசில் இறங்கி ரயிலில் கர்கசோன், நார்போன் வழியாகப் பெர்பிஞான் வரை போனால் நொரூஸ் மேட்டைக் கடந்து இரு பக்கங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். மலை பார்க்க விரும்பினால் பெர்பிஞானுக்கு மேற்கே உள்ள வில்ஃபிரான்ஷ்-த-கோன்ஃப்ளானிலிருந்து புறப்படும் மஞ்சள் ரயிலில் ஏறுங்கள். 1910 முதல் ஓடும் அந்த மின்சார ரயிலின் பாதை 63 கிலோமீட்டர் நீளம், வழியில் 1,593 மீட்டர் உயரத்தில் உள்ள பொல்கேர் நிலையத்தைக் கடக்கிறது. கோடையில் திறந்த பெட்டிகளும் இணைப்பார்கள். பராமரிப்புக்காகச் சில வாரங்கள் பாதையை மூடுவதுண்டு என்பதால், டிக்கெட் எடுக்குமுன் அன்றைய கால அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.